எட்டு வார வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்: டிசம்பரில் தொடங்க வேண்டிய வேலை

பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. படிக்கிற கடலூர், புதுச்சேரி மாணவர்கள் வெளிநாட்டு இன்டர்ன்ஷிப் பற்றி விசாரிக்கத் தொடங்குவது பெரும்பாலும் மார்ச் கடைசியில்தான். செமஸ்டர் டைம்டேபிள் நோட்டீஸ் போர்டில் ஒட்டியாகிவிடும். மே, ஜூன் காலியாகக் கண்முன் தெரியும். அந்த நேரத்தில் கம்பெனி கிடைத்தால்கூடக் காகிதம் முடியாது. அதனால் நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்.

மே மூன்றாம் வாரம் திங்கட்கிழமை பிரான்சில் வேலைக்குச் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விசா விண்ணப்பம் ஏப்ரல் முதல் வாரமே உள்ளே போயிருக்க வேண்டும். ஷெங்கன் விசாவை (பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய கால விசா) 15 நாளில் முடிவு செய்வது வழக்கம், ஆனால் 45 நாள் வரை இழுக்க விதியிலேயே இடமுண்டு. அதற்கு முன்பாக இன்டர்ன்ஷிப் ஒப்பந்தம் பிரெஞ்சு அரசு அலுவலகத்தின் ஒப்புதலுக்குப் போக வேண்டும். தொடங்கும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே அனுப்பச் சொல்கிறார்கள், அது மார்ச் நடுவில் வருகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கப் பத்து நாள். அப்படியானால் கம்பெனி சம்மதம் பிப்ரவரிக்குள் கையில் இருக்க வேண்டும், மெயில் போட வேண்டியது ஜனவரி. மெயிலுக்குத் தேவையான தாளும் பாஸ்போர்ட்டும் தயாராக வேண்டிய மாதம் டிசம்பர்.

ஜூலை, ஆகஸ்டில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: பிரான்சில் ஆகஸ்ட் வேண்டாம். பாதி அலுவலகம் விடுமுறையில் இருக்கும், சிறு கம்பெனிகள் இரண்டு மூன்று வாரம் பூட்டியே விடுகின்றன. உங்களுக்கு வேலை சொல்ல வேண்டியவரும் கடற்கரையில் இருப்பார். மே மாதத்தில் 1, 8 தேதிகளும் வேறு சில நாட்களும் அரசு விடுமுறை, அவற்றை மட்டும் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். நம் பல்கலைக்கழகக் கோடை விடுமுறைக்கு மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரைதான் சரியாகப் பொருந்தும்.

முதலில் ஒரு பக்கத் தாள்

கம்பெனி தேடுவதற்கு முன்னால், போய் என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் அனுபவத்தில் எல்லாம் இந்தத் தாளைச் சுற்றித்தான் வருகிறது. மெயிலில் போவது இதன் சுருக்கம். ஒப்பந்தத்தில் 'பணிகள்' என்ற கட்டத்தில் ஏறுவதும் இதுதான். விசா அதிகாரி “எதற்குப் போகிறாய்?” என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதிலும், திரும்பி வந்து கல்லூரிக்குக் கொடுக்கும் ரிப்போர்ட்டின் முதல் பக்கமும் இதே. நான்கிலும் நான்கு விதமாகச் சொன்னால் நான்கு இடத்திலும் சந்தேகம் வரும்.

“மார்க்கெட்டிங் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்” என்று எழுதினால் அது தாள் ஆகாது. எட்டு வாரத்தில் முடியக்கூடிய ஒரு வேலை வேண்டும், முடிந்தபின் கம்பெனி கையில் எஞ்சும் ஒரு பொருள் வேண்டும். இதில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. பண்ருட்டியைச் சுற்றி வளர்ந்தவருக்கு முந்திரி தெரியும். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டு எடையில், அதாவது 454 கிராமில், 300 முதல் 320 முழுப்பருப்பு நிற்கும் என்பதும், டபிள்யூ 240 அதைவிடப் பெரிய பருப்பு என்பதும் வீட்டில் காதில் விழுந்த சங்கதி. பாரிசில் உலர் பழமும் பருப்பும் இறக்குமதி செய்கிற பத்துப் பேர் கம்பெனிக்கு அது தெரிந்த ஒரு மாணவர் உண்மையிலேயே உபயோகமானவர்.

அப்படி ஒரு தாள் இப்படி இருக்கலாம். வேலை: பாரிஸ் வட்டாரத்தில் முந்திரிப் பருப்பைப் பாக்கெட்டில் விற்கும் 40 கடைகளில் விலை, எடை, தரம், எந்த நாட்டுச் சரக்கு, லேபிள் வாசகம் ஆகியவற்றைத் திரட்டி ஒப்பிடுவது. முடிவில் தருவது: ஓர் எக்ஸெல் ஃபைல், பத்துப் பக்க அறிக்கை, இருபது நிமிட விளக்கம். காலம்: வாரம் 35 மணி, 8 வாரம். எனக்குத் தெரிந்தது: முந்திரித் தரம் பிரிப்பு, சுங்க எண் 080132 எதைக் குறிக்கிறது, எக்ஸெலில் பிவட் டேபிள். எனக்குத் தேவையானது: வாரம் அரை மணி நேரம் ஒருவர் என்னோடு உட்கார்ந்து பார்ப்பது.

கடைசி வரி முக்கியம். கம்பெனிக்காரர் பயப்படுவது சம்பளத்தை நினைத்தல்ல, உங்களுக்காகச் செலவாகும் தன் நேரத்தை நினைத்து. அது அரை மணிதான் என்று நீங்களே எழுதிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

முந்திரி தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். நெய்தல், மீன் ஏற்றுமதி, சிப்காட் கெமிக்கல் யூனிட்டுகளின் பில்லிங், ஒயிட் டவுன் விடுதிகளின் ஆன்லைன் முன்பதிவு, ஆரோவில் பக்கத்துக் கைவினைப் பொருட்கள் என்று நம் ஊரில் கண்ணால் பார்த்த தொழில் ஏதாவது ஒன்று எல்லோருக்கும் இருக்கும். அதை வாங்குகிறவர் அல்லது அதே தொழிலைச் செய்கிறவர் வெளிநாட்டில் யார் என்று தேடுங்கள்.

கம்பெனியும் மெயிலும்

பெரிய பன்னாட்டுக் கம்பெனிகளின் இன்டர்ன்ஷிப் அறிவிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள். அவர்களுடைய கோடைக்கால இடங்கள் முந்தைய இலையுதிர்காலத்திலேயே நிரம்பத் தொடங்கிவிடும். பத்து முதல் ஐம்பது பேர் வேலை செய்கிற இடம்தான் இரண்டு மாத மாணவருக்கு ஏற்றது. அங்கே முதலாளியே மெயிலைப் படிப்பார்.

ஐம்பது கம்பெனிப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றும் உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. பிரான்சில் ஒவ்வொரு கம்பெனிக்கும் 9 இலக்க சீரென் எண்ணும், ஒவ்வொரு கிளைக்கும் 14 இலக்க சீரெத் எண்ணும் இருக்கும். அரசின் நிறுவனத் தேடல் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். சிங்கப்பூரில் அது யூ.ஈ.என்., பிஸ்ஃபைல் தளத்தில் தேடினால் கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும். எண்ணைக் கேட்டால் தர மறுக்கிற கம்பெனியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

மெயில் 150 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. தலைப்பில் உங்கள் பெயர் வேண்டாம், வேலையும் தேதியும் இருக்கட்டும். முதல் வரியில் அவர்கள் தொழிலைப் பற்றி நீங்கள் கவனித்த ஒரு விஷயம், இரண்டாவதில் நீங்கள் செய்து தரப்போகும் வேலை, மூன்றாவதில் தேதி, நான்காவதில் கல்லூரி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் என்ற உறுதி. ஒரு பக்கத் தாளும் ஒரு பக்க ரெசியூமேவும் பிடிஎஃப் ஆக. 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்று முடியும் லீவ் லெட்டர் நடை வேண்டாம், அது அங்கே யாருக்கும் புரியாத பணிவு. பெயரைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்லி எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே மெயிலை பி.சி.சி. போட்டு அனுப்பினால் ஐம்பதும் வீண்.

ஜனவரியில் நமக்கும் பிரான்சுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். நம் பகல் ஒன்றரைக்கு அனுப்பினால் அவர்கள் காலை ஒன்பதுக்கு இன்பாக்ஸில் முதலில் தெரியும். செவ்வாய் முதல் வியாழன் வரை நல்லது. பதில் இல்லையென்றால் எட்டு நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதற்கு மேல் வேண்டாம். யாருக்கு எப்போது அனுப்பினீர்கள் என்பதை ஷீட்டில் குறித்து வையுங்கள், இல்லையென்றால் ஒரே ஆளுக்கு இரண்டு முறை போய்விடும்.

பார்ட் ஒன்னில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்து நல்ல மார்க் வாங்கியவர்கள் புதுச்சேரியில் நிறைய. பரீட்சைப் பிரெஞ்சு வேறு, போனில் பேசும் பிரெஞ்சு வேறு. சுஃப்ரேன் வீதி அலியான்ஸ் பிரான்சேஸில் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வின் ஏ2 அளவுக்காவது பேச்சுப் பயிற்சி எடுத்துவிட்டு, ரெசியூமேவில் அந்த அளவை மட்டும் எழுதுங்கள். 'ஃப்ளூயன்ட்' என்று போட்டுவிட்டு வீடியோ பேட்டியில் இரண்டாவது கேள்விக்கே ஆங்கிலத்துக்குத் தாவினால், ரெசியூமேவில் உள்ள மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள்.

சொந்தக்காரர் கடை பற்றி ஒரு வார்த்தை. சொல்தா (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்கள்) குடும்பங்களிலும் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பங்களிலும் பாரிசுப் பக்கம் சித்தப்பாவோ அத்தையோ கட்டாயம் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் தங்குவது பெரிய உதவி. “சும்மா நம்ம கடையிலேயே வந்து நில்லுப்பா” என்பது மட்டும் வேண்டாம். ஒப்பந்தம் இல்லாமல் கல்லாவில் நின்றால் பிரெஞ்சுச் சட்டப்படி அது மறைத்துச் செய்த வேலை. மாட்டுவது அவர், அடுத்த விசாவை இழப்பது நீங்கள்.

காசு கட்டினால் இன்டர்ன்ஷிப் என்று விற்கிறவர்களிடம் போகாதீர்கள் என்பதே எங்கள் கருத்து. பயிற்சி தருகிற கம்பெனிக்கு உங்களால் ஏதோ ஒரு பயன் இருக்க வேண்டும். நீங்களே முழுச் செலவும் கொடுத்தால் அவர்களுக்கு உங்களுக்கு வேலை கொடுக்க எந்தக் காரணமும் கிடையாது.

ஒப்பந்தம்: ஐந்து கையெழுத்து

பிரான்சில் இன்டர்ன்ஷிப்புக்கு ஸ்தாஜ் என்று பெயர், அதன் ஒப்பந்தம் கன்வென்ஷன் த ஸ்தாஜ். இது இல்லாமல் அங்கே மாணவரை உள்ளே எடுக்கச் சட்டத்தில் வழியே இல்லை. கல்லூரி, கம்பெனி, மாணவர் ஆகிய மூன்று தரப்பு, ஆனால் கையெழுத்து ஐந்து: கல்லூரியின் சார்பில் ஒருவர், கல்லூரியில் உங்களைக் கவனிக்கும் ஆசிரியர், கம்பெனியின் சார்பில் ஒருவர், கம்பெனியில் உங்களுக்கு வேலை சொல்லும் ட்யூட்டர், பிறகு நீங்கள்.

நம் பக்கத்தில் சிக்கல் முதல் கையெழுத்தில் வரும். எச்.ஓ.டி. உங்கள் ஆசிரியராகக் கையெழுத்திடலாம், கல்லூரிக்காக இட முடியாது. அதற்கு முதல்வர், பல்கலைக்கழகத் துறை என்றால் பதிவாளர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவர் வேண்டும், ரப்பர் ஸ்டாம்ப்போடு. பிரெஞ்சில் மட்டும் உள்ள காகிதத்தில் கையெழுத்திட எந்த முதல்வரும் தயங்குவார், அது நியாயம்தான். கம்பெனியிடம் பிரெஞ்சும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கமாக உள்ள படிவம் கேட்டு வாங்குங்கள், முன்னால் விளக்கக் கடிதம் ஒரு பக்கம் வையுங்கள். மூன்று அசல் எடுங்கள்.

கட்டங்களில் சரிபார்க்க வேண்டியவை: தொடங்கும், முடியும் தேதி. வார மணி நேரம் (அங்கே 35). ட்யூட்டர் பெயர். உங்கள் ஒரு பக்கத் தாளில் உள்ள பணிகள். விபத்துக்கும் பிறருக்கு நேரும் சேதத்துக்கும் காப்பீடு யார் பொறுப்பு என்பது. பிறகு கிராத்திஃபிகாசியோன், அதாவது உதவித்தொகை.

இந்த உதவித்தொகையில் பலர் ஏமாந்து போகிறார்கள், அதனால் கணக்கோடு சொல்கிறோம். ஒரே கல்வியாண்டில் ஒரு கம்பெனியில் 308 மணி நேரத்தைத் தாண்டினால்தான் கொடுப்பது கட்டாயம். நாளுக்கு 7 மணி என்றால் அது 44 வேலை நாள். தாண்டிவிட்டால் முதல் மணியிலிருந்தே கொடுக்க வேண்டும். 2025-இல் குறைந்தபட்சம் மணிக்கு 4.35 யூரோ, 22 நாள் மாதத்துக்குச் சுமார் 670 யூரோ. எட்டு வாரம் என்றால் 40 நாள், 280 மணி, ஆகவே கம்பெனி ஒரு சென்ட்கூடத் தர வேண்டியதில்லை. சில கம்பெனிகள் விருப்பப்பட்டுத் தருகின்றன. தராதவர்கள் உங்களை ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம். செலவு முழுவதும் உங்கள் கையிலிருந்து என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். போக்குவரத்துப் பாஸில் பாதியைத் திருப்பித் தருவது மட்டும் ஊழியர்களைப் போலவே பயிற்சி மாணவருக்கும் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

சிங்கப்பூர் என்றால் நடைமுறை வேறு. அங்கே கம்பெனிதான் உங்களுக்காக ட்ரெய்னிங் எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பிக்க வேண்டும். அதிகபட்சம் 3 மாதம், நீட்டிக்க முடியாது. பயிற்சி உங்கள் படிப்பின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். அதோடு உங்கள் கல்வி நிறுவனம் அவர்கள் ஏற்கும் பட்டியலில் இருக்க வேண்டும், அல்லது நிலையான மாதச் சம்பளம் 3,000 சிங்கப்பூர் டாலராவது இருக்க வேண்டும். எனவே கம்பெனியிடம் பேசும் முதல் நாளே கல்லூரிப் பெயரைச் சொல்லிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒர்க் ஹாலிடே பாஸ் என்று ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதற்குத் தகுதியான நாடுகளில் இந்தியா இல்லை. விசிட் பாஸில் போய் வேலை பார்த்தால் 20,000 டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதால் விதி தளராது.

அமெரிக்காவுக்கு ஜே-1 விசா, அதற்கு அரசு அங்கீகரித்த ஸ்பான்சர் அமைப்பு ஒன்றும், டி.எஸ்.-7002 என்ற பயிற்சித் திட்டப் படிவமும் தேவை. வளைகுடாவுக்கு டூரிஸ்ட் விசாவில் கூப்பிடுகிறவர்களை நம்ப வேண்டாம்.

இனிஷியல்

தமிழ்ப் பெயரின் அமைப்பு வெளிநாட்டுக் கம்ப்யூட்டருக்குப் புரியாது. மார்க் ஷீட்டில் 'எஸ். கார்த்திக்', ஆதாரில் 'கார்த்திக் எஸ்', பாஸ்போர்ட்டில் கிவன் நேம் 'கார்த்திக்', சர்நேம் 'சுப்ரமணியன்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். ஒப்பந்தத்தில் ஒன்று, காப்பீட்டில் ஒன்று, டிக்கெட்டில் ஒன்று என்று ஏறிவிட்டால் விசா கவுன்ட்டரில் ஃபைல் திரும்பும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அதையே எல்லாக் காகிதத்திலும் எழுதச் சொல்லுங்கள். மார்க் ஷீட்டை மாற்ற முடியாது. அதற்குக் கல்லூரி போனஃபைட் சர்டிஃபிகேட்டில் “மதிப்பெண் பட்டியலில் இன்னபடி உள்ள மாணவரும் பாஸ்போர்ட் எண் இன்னதில் இன்னபடி உள்ளவரும் ஒருவரே” என்று ஒரு வரி சேர்த்து வாங்கினால் போதும்.

புதிதாகப் பாஸ்போர்ட் எடுப்பவர்கள் சர்நேம் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். அப்பா பெயரை விரித்துப் போடுங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டை விசிட் விசாவுக்கு ஏற்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்து, விமான நிலையத்திலேயே பலர் திரும்பினார்கள். சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட் 1,500 ரூபாய், தத்கால் என்றால் கூடுதலாக 2,000. டிசம்பரில் எடுத்தால் தத்கால் தேவைப்படாது. லாஸ்பேட்டையிலோ முதுநகரிலோ ரூமில் தங்கிப் படிப்பவர்கள் எந்த முகவரி கொடுக்கிறீர்களோ அங்கே போலீஸ் விசாரணைக்கு நீங்கள் இருக்க வேண்டும். சொந்த ஊர் முகவரிதான் பத்திரம்.

விசா ஃபைல்

பிரான்ஸ்-விசாஸ் தளத்தில் படிவம் நிரப்பி, விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் நேரம் வாங்கி, நேரில் கைரேகை தர வேண்டும். 90 நாள் வரைக்கும் குறுகிய காலப் பயிற்சி விசா, நோக்கம் என்ற இடத்தில் டூரிசம் என்று தட்டிவிடாதீர்கள். கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பாஸ்போர்ட் நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும், போகும் நாளிலிருந்து வரும் நாள் வரை ஒரு நாள்கூட இடைவெளி இல்லாமல். போட்டோ 35-க்கு 45 மில்லிமீட்டர், வெளிர் பின்னணி. விசா வருவதற்கு முன்னால் பணம் திரும்பாத டிக்கெட் எடுக்க வேண்டாம், முன்பதிவு காட்டினால் போதும்.

உறவினர் வீட்டில் தங்குகிறவர்களுக்கு அத்தெஸ்தாசியோன் தாக்கேய் என்ற சான்று தேவை. இதை நீங்கள் இங்கிருந்து வாங்க முடியாது. உங்கள் அத்தைதான் தன் ஊர் மேரிக்குப் போய் வாங்க வேண்டும், நம் பீச் ரோடு மேரி கட்டடத்துக்குப் பெயர் வந்த அதே நகரசபை. வீட்டு ஆவணம், வருமானச் சான்று, 30 யூரோ வரி ஸ்டாம்ப். சில ஊர்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே மூன்று வாரம் ஆகிவிடும். பிறகு அசலைக் கூரியரில் அனுப்ப வேண்டும், வாட்சப் போட்டோ செல்லாது. பிப்ரவரியிலேயே அத்தைக்குப் போன் போடுங்கள், உங்கள் பாஸ்போர்ட் எண்ணையும் சரியான தேதிகளையும் எழுத்தில் அனுப்புங்கள்.

பணச் சான்றில்தான் நம் பக்கத்து வீடுகள் தடுமாறுகின்றன. அப்பா மஞ்சக்குப்பத்தில் கடை வைத்திருப்பார், வரவு செலவு ரொக்கத்தில் ஓடும். அல்லது பலா, முந்திரித் தோப்பு இருக்கும், விவசாய வருமானம் என்பதால் வருமான வரிக் கணக்கே இருக்காது. கடைசி மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்பு இரண்டு லட்சம் வந்து விழுந்தால், அது யாரோ கைமாற்றாகக் கொடுத்தது என்றுதான் அதிகாரி நினைப்பார். ஜனவரியிலிருந்தே வருகிற பணத்தை அந்தக் கணக்கில் போட்டு ஓட விடுங்கள். எஃப்.டி. உடைத்தது, தோப்புக் குத்தகை வந்தது என்று பெரிய தொகை ஏதாவது இருந்தால் அதற்கு ரசீது வையுங்கள். தோப்பு வைத்திருப்பவர்கள் பட்டா, சிட்டா நகலும் தாசில்தார் வருமானச் சான்றும் சேருங்கள், தமிழில் உள்ள எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்போடு. கூடவே கல்லூரி என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று): எந்தத் தேதியில் அடுத்த செமஸ்டர் தொடங்குகிறது, அன்று நீங்கள் திரும்பி வந்து வகுப்பில் இருக்க வேண்டும் என்று தேதியோடு எழுதி இருக்கட்டும். திரும்பி வருவீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

பணமும் பெட்டியும்

ஃபாரெக்ஸ் கார்டில் பெரும்பகுதி, கையில் 200 யூரோ அளவுக்கு நோட்டு. ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான் நோட்டாக வாங்க அனுமதி. இந்திய சிம்மைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள், பேங்க் ஓ.டி.பி. அதில்தான் வரும். கிளம்பும் முன்பே இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆன் செய்து வைத்து, டேட்டாவுக்கு அங்கே சிம் வாங்குங்கள்.

பாரிசில் மெட்ரோ, பஸ்ஸுக்கான மாத நவிகோ பாஸ் 1-ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரைதான் செல்லும், வாங்கிய நாளிலிருந்து முப்பது நாள் அல்ல. மே 18-இல் போய் மாதப் பாஸ் எடுத்தால் பாதிக் காசு போச்சு. வாரப் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரை, மே முடியும் வரை அதை எடுங்கள்.

நெய், பால்கோவா, இறைச்சி சேர்ந்த எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துப் போகத் தடை. கறிவேப்பிலையும் மாங்காயும் சுங்கத்தில் குப்பைக்குப் போகும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், சீல் போட்ட வறுத்த முந்திரி போதும். முந்திரியை அலுவலகத்துக்கும் ஒரு பாக்கெட் வையுங்கள்.

அங்கே போன பிறகு

முதல் நாள் காலையில் லாகின் பாஸ்வேர்டு மூன்று முறை தப்பாகிப் பூட்டிக்கொள்ளும். காரணம் கீபோர்டு. பிரெஞ்சுக் கீபோர்டில் ஏ இருக்கும் இடத்தில் கியூ, இசட் இருக்கும் இடத்தில் டபிள்யூ. எம் எழுத்து எல்-லுக்கு வலப்பக்கம். எண்களுக்கு ஷிஃப்ட் அழுத்த வேண்டும். பார்க்காமல் டைப் செய்யும் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் அதிகத் தொல்லை.

அடுத்தது எக்ஸெல். பிரெஞ்சு எக்ஸெலில் ஃபார்முலாக்களின் பெயரே வேறு: சம் அங்கே சோம், இஃப் அங்கே ஸி, விலுக்கப் அங்கே ரெஷெர்ஷ்வே. ஃபார்முலாவுக்குள் கமாவுக்குப் பதில் செமிகோலன். தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கமா. நீங்கள் 12.50 என்று அடித்தால் அது எண்ணாகவே எடுக்கப்படாது, சில நேரம் தேதியாக மாறும், கூட்டல் தப்பாக வரும், ஏன் என்று தெரியாமல் ஒரு மாலை போகும். வீட்டிலேயே எக்ஸெல் மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றி ஒரு வாரம் பழகிவிட்டுப் போங்கள். லட்சம், கோடி என்ற எண் வரிசை அங்கே செல்லாது. 12,50,000 என்று எழுதினால் எழுத்துப்பிழை என்று நினைப்பார்கள், அதை 1 250 000 என்று எழுத வேண்டும். பேசும்போது மில்லியனில் சொல்லிப் பழகுங்கள்.

உள்ளே நுழையும்போது ஒவ்வொருவரிடமும் 'போன்ழூர்' சொல்லாமல் நேராகச் சீட்டுக்குப் போவதை அங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். மற்றபடி 'சார்' போட வேண்டியதில்லை, அவர்களே எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்வார்கள். மதியச் சாப்பாட்டுக்குத் தனியாக டிஃபன் பாக்ஸைத் திறந்து உட்காராமல் கூடப் போய் உட்காருங்கள். ஏன் கிரேடு பிரிக்கிறார்கள், யார் நல்ல வாடிக்கையாளர் போன்ற விஷயங்களெல்லாம் அங்கேதான் காதில் விழும்.

வேலை இல்லாமல் உட்கார வைப்பதுதான் இன்டர்ன்ஷிப்பில் அடிக்கடி நேரும் கோளாறு. பெரும்பாலும் ட்யூட்டர் கெட்டவர் என்பதால் அல்ல, லாகின் வரவில்லை, டேட்டா யாரிடம் என்று தெரியவில்லை, அவர் பயணத்தில் இருக்கிறார், இவ்வளவுதான். சேர்வதற்குப் பத்து நாள் முன்பே “எனக்கு எந்த சாஃப்ட்வேரில் லாகின் வேண்டும், ட்யூட்டர் இல்லாத நாளில் யாரைக் கேட்பது?” என்று மெயில் போடுங்கள். முதல் வாரம் முழுவதும் பார்த்துக் கற்பது. இரண்டிலிருந்து ஐந்து வரை தகவல் திரட்டு, ஒவ்வொரு வெள்ளியும் ஐந்து வரியில் என்ன முடிந்தது, என்ன தடை என்று ட்யூட்டருக்கு அனுப்புங்கள். ஆறாவது வாரக் கடைசியில் அறிக்கையின் வரைவு அவர் மேஜையில் இருக்க வேண்டும். எட்டாவது வாரத்தில் கொடுத்தால் படிக்க மாட்டார், திருத்தமும் கிடைக்காது. நாற்பது கடை திட்டமிட்டு இருபத்தைந்துதான் முடிந்தது என்றால் நாலாவது வாரமே சொல்லி எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஒப்பேற்றிய பதினைந்து வரிசையை எக்ஸெலில் சேர்க்காதீர்கள். கடைக்காரரிடம் யாராவது போய்க் கேட்டால் முழு அறிக்கையும் வீணாகும்.

கம்பெனியின் விலைப்பட்டியல், வாடிக்கையாளர் விவரம் எதையும் உங்கள் பென்டிரைவில் எடுத்து வரக் கூடாது. கல்லூரி ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் போடலாம் என்று ட்யூட்டரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வேண்டாம் என்றால் பெயரை நீக்கி 'கடை 1, கடை 2' என்று போட்டுக்கொள்ளலாம்.

கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பே அத்தெஸ்தாசியோன் த ஸ்தாஜ் கேளுங்கள். பயிற்சி முடிந்ததும் அந்தச் சான்றைத் தருவது பிரெஞ்சுக் கம்பெனியின் கடமை. மொத்தக் காலமும், உதவித்தொகை கொடுத்திருந்தால் அந்தத் தொகையும் அதில் இருக்கும். பெயரைப் பாஸ்போர்ட்டோடு வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள், கையெழுத்தோடு முத்திரையும் கேளுங்கள், ஏனென்றால் நம் கல்லூரி அலுவலகத்தில் முத்திரை இல்லாத தாளை யாரும் தொட மாட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரு பிரதி அப்போதே வாங்கிவிட்டால், ஜூலையில் வந்து மொழிபெயர்ப்பாளரைத் தேடி மிஷன் வீதியில் அலைய வேண்டியிருக்காது.